கத்தரிக்கோலுக்கு ஒரு விதி: தத்துவத்திலிருந்து சர்ரியல் கொலாஜ்

பழைய வார இதழ், கத்தரிக்கோல், பசை. கொலாஜ், அதாவது படங்களை வெட்டி ஒட்டிப் புதுப் படம் செய்ய இவ்வளவு போதும் என்பார்கள், உண்மைதான். வரையத் தெரிய வேண்டாம், பெயின்ட் வாங்க வேண்டாம். ஆனால் இதழை விரித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: எதை வெட்டுவது, எதன் மேல் ஒட்டுவது? பதில் தெரியாவிட்டால் கை தானாகப் பழகிய பக்கம் போய்விடும். பெண்ணின் தலை இருக்கும் இடத்தில் பூங்கொத்து, காபிக் கோப்பைக்குள் கடல், ஏணி போட்டு நிலாவில் ஏறும் சிறுவன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இணையத்தில் சர்ரியல் கொலாஜ், அதாவது கனவு போல விசித்திரமான கொலாஜ் என்று தேடினால் வருவதில் பெரும்பாலானவை இவைதான், ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

இந்த இடத்தில் தத்துவம் நன்றாகக் கைகொடுக்கும் என்பது என் கட்சி. படத்துக்கு அடியில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் மேற்கோள் ஒன்றை எழுதிவைப்பதை நான் சொல்லவில்லை, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குகைக்குள் சங்கிலியால் கட்டப்பட்ட மனிதன், பாறையை உருட்டும் மனிதன் என்று கருத்தை அப்படியே படமாக்குவதையும் சொல்லவில்லை. அது பாடப்புத்தக விளக்கப்படம் ஆகிவிடும். ஒரு தத்துவக் கருத்தை எடுத்து அதைக் கத்தரிக்கோலுக்கான விதியாக மாற்றுங்கள். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது, எதன் இடத்தில் எது வரலாம் என்பதை அந்தக் கருத்து முடிவு செய்யட்டும். படம் எப்படி வரப்போகிறது என்பது கடைசி வரை உங்களுக்கே தெரியாது. இந்தப் பொழுதுபோக்கின் சுவாரசியமே அதுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1912-இல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை வெட்டித் தன் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டு அவருடைய நண்பர் ப்ராக், மரக்கோடுகள் அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி வந்து ஒட்டினார். ஓவியத்துக்குள் நிஜப்பொருளின் துண்டு நுழைந்தது அப்போதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் உலகப்போர் முடிந்தபின் ஜெர்மனியில் இது வேறு வேகம் எடுத்தது. பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற பெண், ஒரு பெரிய பதிப்பகத்தில் பெண்கள் இதழ்களுக்குப் பின்னல், எம்ப்ராய்டரி மாதிரிகள் வரைந்து கொடுக்கும் வேலையில் இருந்தார். இதழ்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. அவற்றிலிருந்து அரசியல் தலைவர்களின் தலைகளை வெட்டி நடனக்காரிகளின் உடம்பில் பொருத்தினார், நடுவே இயந்திரச் சக்கரங்களை வைத்தார். 1920-இல் பெர்லினில் தாதா என்ற கலகக்காரக் கலை இயக்கத்தார் நடத்திய கண்காட்சியில் வைக்கப்பட்ட அவருடைய பெரிய கொலாஜின் நீளமான தலைப்பிலேயே சமையலறைக் கத்தி வருகிறது.

நமக்கு அதிகம் வேண்டியவர் ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். பான் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர், போரில் நான்கு வருடம் கழித்தவர். 1919-இல் பாடக் கருவிகள் விற்கும் நிறுவனத்தின் படப்பட்டியல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எலும்புக்கூடு, தாதுக்கல், நுண்ணோக்கியில் தெரியும் செல், உடற்கூறு மாதிரி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் ஒரே பக்கத்தில். பார்க்கப் பார்க்க அவை தங்களுக்குள் பேச ஆரம்பித்தது போல இருந்தது என்ற அர்த்தத்தில் பின்னால் எழுதினார். கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் பாரிஸில் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டது 1924-இல், அதாவது எர்ன்ஸ்ட் வெட்ட ஆரம்பித்து ஐந்து வருடம் கழித்து. கோட்பாடு பின்னால் வந்தது, கத்தரிக்கோல் முன்னால் போய்விட்டது.

தத்துவவாதிகள் இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே கொலாஜைப் பற்றிப் பேசிவிட்டார்கள், அவர்களுக்குத்தான் அது தெரியாது. 1641-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த், கனவையும் நனவையும் எப்படிப் பிரித்தறிவது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது ஓவியர்களை உதாரணத்துக்கு இழுக்கிறார். கடற்கன்னி, ஆட்டுக்கால் மனிதன் என்று எவ்வளவு விசித்திரமாக வரைந்தாலும் அவர்களால் முற்றிலும் புதிதாக ஒன்றைப் படைக்க முடிவதில்லை, வெவ்வேறு விலங்குகளின் உறுப்புகளைக் கலந்து வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்கிறார். நூறு வருடம் கழித்து, 1748-இல், ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இதை இன்னும் சுருக்கினார். தங்க மலையைக் கற்பனை செய்கிறோமே, அதில் புதிதாக என்ன இருக்கிறது? தங்கம் தெரியும், மலை தெரியும், இரண்டையும் சேர்த்தோம். சேர்ப்பது, இடம் மாற்றுவது, பெரிதாக்குவது, சிறிதாக்குவது, கற்பனையால் முடிந்த வேலை இந்த நான்குதான் என்றார்.

இந்த நாலு வேலையையும் திரும்பப் படித்துப் பாருங்கள். கொலாஜ் மேசையில் நாம் செய்வது இதைத்தான், ஒன்று கூடுதலும் கிடையாது, ஒன்று குறைவும் கிடையாது. ஆகவே முதல் பயிற்சியை ஹியூமிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்கடை விளம்பரம் ஒன்றும் மலைப்படம் ஒன்றும் தேடி, மலையின் வெளிக்கோட்டில் நகையை வெட்டி வையுங்கள். உண்மையைச் சொன்னால் இது அவ்வளவு நன்றாக வராது, பணக்காரத்தனமாகப் பளபளக்கும். ஆனால் ஒரு பொருளின் வடிவத்தையும் இன்னொன்றின் தன்மையையும் பிரித்தெடுத்துச் சேர்க்கலாம் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

அப்புறம் பெர்க்லிக்குப் போகலாம், எனக்கு ரொம்பப் பிடித்த விதி இவருடையது. அயர்லாந்தில் பிறந்த பாதிரியார், 1710-இல் எழுதிய நூலில் இவர் சொன்ன வாதம் இது: பொருள்கள் இருக்கின்றன என்றால் யாரோ அவற்றை உணர்கிறார்கள் என்றே பொருள். உணரப்படுவதுதான் இருத்தல். இதைப் படமாக வரையச் சொன்னால் திணறிவிடுவோம், விதியாக மாற்றுவது சுலபம். பலர் இருக்கும் பெரிய புகைப்படம் ஒன்றை எடுங்கள், சந்தை, கூட்டம், கல்யாண வீடு, எதுவானாலும் சரி. ஒவ்வொருவரும் எங்கே பார்க்கிறார் என்று கண்ணிலிருந்து பென்சிலால் கோடு போடுங்கள். கோடு தொடும் பொருளும் மனிதரும் இருக்கட்டும். யாரும் பார்க்காத எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள், பார்ப்பவரையே வேறு யாரும் பார்க்கவில்லை என்றால் அவரும் போக வேண்டியதுதான். மிஞ்சியதை வெள்ளைத் தாளில் அதே இடத்தில் ஒட்டுங்கள். அரைத்தட்டு இட்லி அந்தரத்தில் தொங்கும், பக்கத்தில் யாருடையதோ வளையல் போட்ட கை, தூரத்தில் அழுகிற குழந்தையின் முகம். படத்தில் உள்ளவர்களின் அக்கறை எங்கே இருந்தது என்பது மட்டும் மிஞ்சி நிற்கும். ஒரு எச்சரிக்கை, எல்லோரும் கேமராவைப் பார்த்து நிற்கும் குரூப் போட்டோவை எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாது. யாரும் பார்க்காத மரம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, கடவுள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பெர்க்லி பதில் வைத்திருந்தார். அந்த குரூப் போட்டோவில் எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்யும் வேலை உங்கள் தலையில் விழும்.

அடுத்து தீசியஸின் கப்பல். கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஏதென்ஸ்காரர்கள் வீரன் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்தார்கள், மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள், எல்லாம் மாறிய பிறகு அது அதே கப்பலா? பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த இந்தப் புதிருக்கு பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு குறும்பு சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் பத்திரமாகச் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இரண்டாவது கப்பல் கட்டினால் எது அசல்? கொலாஜ்காரருக்கு இந்த இரண்டாவது கப்பல்தான் வேண்டும். ஒரு முகத்தை எடுத்துப் பன்னிரண்டு கட்டங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு கட்டமாக எடுத்து அந்த இடத்தில் அதே அளவில் வேறு படத்தின் துண்டை வையுங்கள், கன்னத்துக்குப் பாலைவனம், நெற்றிக்கு ஓட்டுக்கூரை என்று நிறமோ வளைவோ ஒத்துப்போகிற எதுவானாலும் வைக்கலாம். எடுத்த துண்டுகளைப் பக்கத்துத் தாளில் அதே வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் அந்த ஆள் காணாமல் போகிறார் என்று பார்ப்பதுதான் விளையாட்டு. நான் கவனித்த வரை கன்னமும் நெற்றியும் போனால் ஒன்றும் ஆவதில்லை, கண் இருக்கும் கட்டங்களைத் தொட்டதும் ஆள் மாறிவிடுகிறார். ஏன் அப்படி என்று யோசிக்க ஆரம்பித்தால் அன்றைய இரவுத் தூக்கம் போய்விடும்.

பிளேட்டோவின் குகையை, அதாவது கட்டிப்போட்ட மனிதர்கள் சுவரில் விழும் நிழல்களையே நிஜம் என்று நம்பும் கதையை, சுருக்கமாகவே சொல்கிறேன், அதை ஏற்கெனவே நிறையப் பேர் அடித்துத் துவைத்துவிட்டார்கள். மாலை வெயிலில் எடுத்த, நிழல்கள் நீண்டு விழுந்த படங்களைச் சேர்த்து வையுங்கள். ஆட்களை வெட்டி வீசிவிட்டு நிழல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிழலும் அதற்குச் சொந்தமில்லாத ஒரு பொருளின் காலடியில்தான் விழ வேண்டும். குகை, சங்கிலி, நெருப்பு எதுவும் படத்தில் வரக்கூடாது.

நம் ஊர்க் கருத்து ஒன்று இதற்கெல்லாம் மேலே நிற்கிறது. 'மரத்தை மறைத்தது மாமத யானை, மரத்தில் மறைந்தது மாமத யானை' என்ற திருமூலர் வரி. மரத்தில் செய்த யானையை யானை என்று பார்த்தால் மரம் தெரியாது, மரம் என்று பார்த்தால் யானை தெரியாது. திருமூலர் இதைப் பரத்துக்கும் பூதங்களுக்கும் போய்ச் சேர்க்கிறார், நாம் பாதி வழியில் இறங்கிக்கொள்வோம். இதே யானையை எர்ன்ஸ்ட் வேறு வழியாகச் சந்தித்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. 1925-இல் பிரான்சில் ஒரு கடற்கரை விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்துபோன மரத்தரையின் ரேகைகள் அவரை விடாமல் இழுத்தன. தாளைத் தரையில் வைத்து மேலே பென்சிலால் தேய்த்தார். ரேகைகளிலிருந்து காடும் பறவையும் விலங்குகளும் எழுந்து வந்தன. அதே முறையில் செய்த 34 படங்களை அடுத்த ஆண்டு வெளியிட்டார். அவர் மரத்தில் யானையைத் தேடினார், திருமூலர் யானையில் மரத்தைக் காட்டினார்.

இதை விதியாக்கினால்: ஒரு உருவத்தை, அதற்குத் துளியும் ஒவ்வாத பொருளின் படத்திலிருந்து வெட்டுங்கள், உருவமும் பொருளும் சம பலத்தில் இருக்கட்டும். பிளைவுட் விளம்பரத்தின் பழுப்புப் பக்கத்திலிருந்து யானை. தூரத்தில் யானை தெரிய வேண்டும், கிட்டே போனால் பிளைவுட்டின் ரேகையும், காதுப் பக்கம் பாதி வெட்டுப்பட்ட டீலர் முகவரியும் தெரிய வேண்டும். அந்த முகவரியை நீக்கிவிடாதீர்கள், படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கருத்து எப்போதும் பழைய நூலிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. ஜெர்மனியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்த கிரேட்டே ஸ்டெர்ன் என்ற புகைப்படக் கலைஞரைப் பாருங்கள். 1948 முதல் 1951 வரை பியூனஸ் அயர்ஸில் ஒரு பெண்கள் வார இதழ், வாசகிகள் தங்கள் கனவுகளை எழுதி அனுப்பினால் உளப்பகுப்பாய்வு விளக்கம் தரும் என்று ஒரு பகுதி நடத்தியது. அந்தக் கனவுகளுக்குப் படம் செய்வது ஸ்டெர்னின் வேலை. குடும்பத்தாரையும் தெரிந்தவர்களையும் நிற்க வைத்துப் படமெடுத்து, வெட்டி, ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் செய்தார். ஒன்றில் மேசை விளக்கின் தண்டாக ஒரு பெண் மண்டியிட்டு இருக்கிறாள், தலைக்கு மேல் விளக்கு மூடி, பக்கத்தில் ஓர் ஆணின் பெரிய விரல் சுவிட்சைத் தொடப்போகிறது. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று தத்துவவாதி கான்ட் பக்கம் பக்கமாக எழுதியது எனக்கு இந்த ஒரு விரலில் தெரிகிறது. ஸ்டெர்ன் கான்ட்டை நினைத்துச் செய்தார் என்று சொல்லவில்லை, அது என் வாசிப்பு. ஆனால் உங்களுக்கு விதி கிடைத்துவிட்டது: வீட்டுச்சாமான் விளம்பரத்தில் சாமானை எடுத்துவிட்டு, அது செய்யும் வேலையை ஒரு ஆளிடம் கொடுங்கள். மிக்ஸிக்குப் பதில் யார் நிற்பார் என்று யோசித்தால் நம் வீடுகளில் பதில் சட்டென்று வந்துவிடும்.

சரி, கருத்து கிடைத்துவிட்டது, படம் ஏன் இன்னும் கந்தல் மூட்டை போல இருக்கிறது? பெரும்பாலும் ஒரே காரணம்தான், பொய் அதிகமாகிவிடுகிறது. எர்ன்ஸ்ட் 1933-இல் இத்தாலியில் மூன்றே வாரத்தில் செய்து, 1934-இல் வெளியிட்ட கொலாஜ் நாவலில் 182 படங்கள் இருக்கின்றன. அவற்றைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். வரவேற்பறை சாதாரண வரவேற்பறை, திரைச்சீலை, நாற்காலி, உடை எல்லாம் சரியாக இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் சிங்கத்தலை இருக்கும். அல்லது படுக்கையறை அப்படியே இருக்க, தரையில் மட்டும் கடல் புகுந்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு பெரிய பொய் போதும், மற்றதெல்லாம் சத்தியமாக இருந்தால்தான் அந்தப் பொய் உறைக்கும். தலையும் மாறி, காலும் மாறி, வானத்தில் மீனும் பறந்தால் பார்ப்பவர் எதையும் நம்பத் தயாராகிவிடுவார், பிறகு எதுவும் அவரைத் தொந்தரவு செய்யாது.

அவருடைய இன்னொரு சாமர்த்தியம், பத்தொன்பதாம் நூற்றாண்டு மலிவு நாவல்களில் வந்த மரச்செதுக்கு அச்சுப்படங்களையே அதிகமும் எடுத்தது. எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புக் கோடுகள் என்பதால் ஒட்டு தெரியவில்லை, அச்சில் வந்தபோது சுத்தமாக மறைந்துவிட்டது. இதே வேலையை நீங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் செய்யலாம். வழவழப்பான இதழ், மங்கிய பாடப்புத்தகம், காலண்டர் தாள் என்று எங்கிருந்து எடுத்தாலும் சரி, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். அளவையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம், மூலப்படமும் பிழைக்கும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முகத்தில் இடப்பக்க வெளிச்சம், பக்கத்து உடம்பில் வலப்பக்கம் என்றால் ஒட்டு உடனே பல்லைக் காட்டும், முகத்தை இடவலமாகத் திருப்பி, கண்ணாடிப் பிம்பமாகப் பிரதி எடுத்தால் சரியாகிவிடும்.

தாளுக்குப் பழைய பேப்பர் கடையை விட்டால் வேறு இடமில்லை, எடைக்கு வாங்கலாம். செய்தித்தாள் சீக்கிரம் பழுத்துவிடும், மை கையில் ஒட்டும், அதனால் பிரதிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பள்ளி அட்லஸ், சிவகாசிக் காலண்டர், துணிக்கடை விளம்பரத் தாள், பழைய கல்யாணப் பத்திரிகை, உயிரியல் பாடநூல் இவையெல்லாம் நல்ல சரக்கு. வெட்டும்போது கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள், வளைவு வழுக்கிக்கொண்டு வரும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள சந்து மாதிரி உள் ஓட்டைகளை முதலில் கட்டரால் எடுத்துவிட்டு, வெளிக்கோட்டைப் பிறகு வெட்டுங்கள், சுற்றிலும் தாள் இருக்கும்போதுதான் பிடிக்க வசதி. வெட்டிய விளிம்பில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தால் பின்பக்கத்திலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை லேசாக ஓட்டிவிடலாம். ஃபெவிகாலைக் குழாயிலிருந்து நேராகப் பிழிந்தால் தாள் நிச்சயம் சுருங்கும். பழகும்வரை பசைக்குச்சி போதும். பிரஷ்ஷால் தடவுவதென்றால் மிக மெல்லிசாக, விளிம்பு வரை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வையுங்கள். அடித்தாளாக சார்ட் அட்டையாவது இருக்கட்டும், வெறும் நோட்டுத் தாள் வளைந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் முன்னால், பசை திறக்காமல் துண்டுகளைச் சும்மா அடுக்கிப் போனில் படம் எடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்தால் எந்தத் துண்டு அதிகப்படி என்று தெரியும்.

இதையெல்லாம் போனிலேயே செய்யலாமே என்றால், செய்யலாம். அதற்கென்று ஆப்கள் ஏராளம். எனக்கு அதில் ஒரே குறை, எதையும் திரும்பப் பெறலாம் என்பதால் முடிவு எடுக்கவே தோன்றுவதில்லை. தாளில் தலையை வெட்டினால் வெட்டியதுதான்.

தனியாகச் செய்து அலுத்தால் மூன்று பேராக உட்காருங்கள். 1925 வாக்கில் பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள்: தாளை மடித்து ஒருவர் தலை போட, அதைப் பார்க்காமல் அடுத்தவர் உடம்பு, மூன்றாமவர் கால். கொலாஜிலும் அப்படியே செய்யலாம், மடிப்பின் ஓரத்தில் கழுத்தும் இடுப்பும் எங்கே முடிகின்றன என்று சின்னதாக இரண்டு புள்ளி மட்டும் வைத்துக் கொடுத்தால் போதும். ஒவ்வொருவரும் வேறு வேறு தத்துவவாதியின் விதியைப் பிடித்துக்கொண்டு செய்தால் சண்டையும் நன்றாக வரும்.

தலைப்பு வைக்கும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள், இருத்தலின் துயரம் என்கிற ரீதியில். படம் சொல்ல வேண்டியதைத் தலைப்பு முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. பெல்ஜியத்து மக்ரித் 1958-இல் ஒரு ஓவியம் வரைந்தார், விரித்த குடை, அதன் உச்சியில் தண்ணீர் நிறைந்த டம்ளர். குடை தண்ணீரை வேண்டாம் என்று தள்ளும், டம்ளர் வா என்று பிடித்துக்கொள்ளும். முரண்களைப் பற்றியே ஆயுள் முழுக்க யோசித்த தத்துவவாதி ஹெகல் இதைப் பார்த்தால் விடுமுறையில் இருப்பது போல ரசித்திருப்பார் என்று அதற்கு 'ஹெகலின் விடுமுறை' என்று பெயர் வைத்தார். விளக்கமும் இல்லை, புதிரும் இல்லை, பக்கவாட்டில் ஒரு தள்ளு. மக்ரித் பல தலைப்புகளை நண்பர்களைக் கேட்டே வைத்தார், நீங்களும் கேட்கலாம். எந்த விதியைப் பின்பற்றினீர்கள் என்பதைப் படத்தின் முகத்தில் எழுதாமல் பின்பக்கம் எழுதுங்கள்.

பின்பக்கம் அப்படியே எந்தத் துண்டு எந்த இதழிலிருந்து, எந்த ஆண்டு என்பதையும் குறித்துவிடுங்கள். வீட்டுச்சுவரில் மாட்டும் வரை பிரச்சினை இல்லை. விற்கவோ அச்சிடவோ நினைத்தால் காப்புரிமை வரும். இந்தியாவில் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை. அந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் பிரிட்டிஷ் நூலகம் 2013-இல் தன் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் 2017-இல் லட்சக்கணக்கான படங்களை அப்படித் திறந்துவிட்டது. எர்ன்ஸ்ட் பழைய புத்தகக் கடைகளில் தேடியெடுத்த மாதிரியான மரச்செதுக்குப் படங்கள் பிரிட்டிஷ் நூலகத் தொகுப்பில் குவிந்து கிடக்கின்றன, பிரின்ட் எடுக்கும் செலவுதான்.